ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள்: வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில் 21 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். என் அம்மாவுக்கு 81 வயது. ஏழு வருடமாக அசிட்ரோம் என்ற அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறவர்களின் பயமும் என் வீட்டுப் பயமும் ஒன்றுதான். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவோ, கூட்டவோ, குறைக்கவோ வேண்டாம். அந்த முடிவு உங்கள் டாக்டருடையது. நான் சொல்ல விரும்புவது வேறு. இத்தனை வருடத்தில் நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் இந்த மாத்திரையால் மட்டும் வந்தவை இல்லை. கூடவே இன்னொன்று வந்து சேர்ந்திருக்கும். ஒரு வலி மாத்திரை, நாலு நாள் வயிற்றுப்போக்கு, பாதியாகக் கத்தரித்த ஒரு அட்டை. இவையெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படக்கூடியவை.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரைன்னு சொல்றாங்களே, ரத்தம் நிஜமாவே தண்ணியாயிடுமா?"

ஆகாது. ரத்தத்தின் கெட்டித்தன்மை அப்படியேதான் இருக்கும். உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடும். காயம் பட்டால் ரத்தம் கட்டியாவதற்கு உடம்பில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அந்தத் தொடரில் ஏதோ ஓர் இடத்தில் இந்த மாத்திரை வேகத்தைக் குறைக்கிறது.

பெரியவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்க முக்கியக் காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் ஏ.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடத்துக் கொண்டிருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் இதே வகை மாத்திரைதான்.

"அப்பா ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடறார். அதுவும் ரத்தம் கட்டாம இருக்கத்தானே? இது எதுக்கு?"

இரண்டும் வேறு வேறு வேலை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எல்லாம் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு அவை தேவை. ஏ.எஃப்.பால் வரும் கட்டி வேறு வழியில் உருவாவது. அதற்கு அசிட்ரோம், வார்ஃபரின், டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்றவைதான் சரியான மருந்து.

"ஆஸ்பிரின் மென்மையானது, வயசானவர்களுக்கு அதுவே போதும்" என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. 2007-ல் பிரிட்டனில் 75 வயதுக்கு மேற்பட்ட ஏ.எஃப். நோயாளிகள் 973 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. பக்கவாதம் முதலான பெரிய பாதிப்பு வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் 24 பேருக்கும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 48 பேருக்கும் வந்தது. ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதாவது ஆஸ்பிரினில் பாதுகாப்பு குறைவு, ஆனால் ஆபத்து குறையவில்லை.

"இது எலி மருந்தாமே? நெட்ல படிச்சேன். அம்மாவுக்கு எப்படிக் கொடுக்கறது?"

நீங்கள் படித்தது உண்மை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. அந்த வைக்கோலில் இருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அதைத் தொடர்ந்து உருவானதுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே, மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் அசிட்ரோம் இதற்குச் சொந்தக்கார மருந்து, அசினோகூமரால்.

எலிக்கு வைப்பது அளவு பார்க்காமல். மனிதருக்குக் கொடுப்பது ரத்தப் பரிசோதனை பார்த்து, அரை மில்லிகிராம் கணக்கில். அம்மாவுக்குத் தைரியமாகக் கொடுங்கள். ஆனால் அந்தப் பரிசோதனையை மட்டும் தவற விடாதீர்கள்.

"84 வயசு ஆச்சு. இந்த வயசுல இவ்வளவு ரிஸ்க்கான மாத்திரை தேவையா?"

ரிஸ்க் இருப்பது நிஜம். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருந்தின் பாதிப்பால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததைக் கணக்கெடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வார்ஃபரினால். வேறு எந்த ஒரு மருந்தும் கிட்டேகூட வரவில்லை. வயதாக ஆக ரத்த நாளங்கள் மெலிகின்றன, சிறுநீரகம் தளர்கிறது, எடை குறைகிறது, மற்ற மாத்திரைகள் கூடுகின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஏ.எஃப். இருந்தால் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எண்பதுகளில் இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் சுமார் நாலில் ஒன்றுக்கு ஏ.எஃப். காரணம். வார்ஃபரின் அந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. வயது கூடும்போது ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும், மாத்திரையால் கிடைக்கும் பயனும் கூடும். அதனால் வயதை மட்டும் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறதா, வேறு என்னென்ன மருந்து போகிறது, சிறுநீரகம் எப்படி என்று பார்த்து அவற்றைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

"புது மாத்திரை வந்திருக்காமே, ரத்த டெஸ்டே வேண்டாமாம். அதுக்கு மாத்திக்கலாமா?"

டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்றவற்றைச் சொல்கிறீர்கள். புதிதாக ஏ.எஃப். கண்டுபிடித்த பெரும்பாலானவர்களுக்கு இப்போது இவைதான் முதல் தேர்வு. மூளைக்குள் ரத்தக்கசிவு இவற்றில் வார்ஃபரினைவிடக் குறைவு. கீரைக் கட்டுப்பாடு இல்லை, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) பார்க்க வேண்டாம். ஆனால் "ரத்த டெஸ்டே வேண்டாம்" என்பது பாதி உண்மை. சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அதைத் தனிக் கேள்வியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேர் இதற்கு மாறவே கூடாது. ஒருவர், உலோக வால்வு வைத்தவர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு உட்பட எல்லா உலோக வால்வுக்கும் இது பொருந்தும். டாபிகாட்ரானை வைத்துச் சோதித்த ஆய்வில் கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இன்னொருவர், சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர். நம் பக்கத்தில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இவர்களுக்கு வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரையே உயிர் காத்தது.

"அசிட்ரோம் பத்து வருஷமா ஒத்துக்கிட்டு இருக்கு. ஆனா பாட்டி ரொம்பத் தளர்ந்துட்டாங்க. புதுசு பாதுகாப்புன்னா இப்பவாவது மாத்தலாம் இல்ல?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கு மாற்றலாமா என்று கேட்டபோது டாக்டர் சொன்னது ஒரு நெதர்லாந்து ஆய்வு. 2023-ல் வெளியானது. 75 வயதுக்கு மேல், உடல் தளர்ந்த, ஐ.என்.ஆர். பார்த்துப் பழைய மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 1,300-க்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேரைப் புதிய மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் கவனிக்க வேண்டிய அளவு ரத்தக்கசிவு, மாறியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு. மாறாதவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு. அங்கே பயன்பட்ட பழைய மாத்திரைகளில் அசினோகூமராலும் ஒன்று.

ஆகவே ஐ.என்.ஆர். நிலையாக இருக்கிற, தளர்ந்த பெரியவருக்குப் புதுசு என்பதற்காகவே மாற்ற வேண்டியதில்லை. ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், பரிசோதனைக்குக் கூட்டிப் போகவே ஆள் இல்லை என்றால், அப்போது மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

"ஐ.என்.ஆர். 2.4ன்னு வந்திருக்கு. ரிப்போர்ட்ல நார்மல் 1.2 வரைக்கும்னு போட்டு, இதைக் கறுப்பா தடிச்ச எழுத்துல காட்டியிருக்காங்க. மாத்திரையை நிறுத்திட்டோம், சரிதானே?"

சரியில்லை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல், இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கானது. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடும் ஏ.எஃப். நோயாளிக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். உலோக மைட்ரல் வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5. உங்கள் அப்பாவுக்கு எந்த எல்லை என்று டாக்டரிடம் கேட்டு, ரிப்போர்ட் ஃபைலின் மேல் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 2.4 என்பது நடு மையத்தில் இருக்கும் அருமையான எண். இந்த ஒரு தடித்த எழுத்தைப் பார்த்து பயந்து நிறுத்திய நாலைந்து குடும்பங்களை நான் பார்த்துவிட்டேன்.

கூடினால் கசிவு, குறைந்தால் கட்டி. 4, 5 என்று ஏறியிருந்தாலும், 1.3 என்று இறங்கியிருந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும், அடுத்த மாத விசிட் வரை காத்திருக்கக் கூடாது.

"கீரையே தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. முருங்கைக்கீரை இல்லாம அப்பா சாப்பிடவே மாட்டேங்கறார்."

சாப்பிடலாம். அசிட்ரோமும் வார்ஃபரினும் வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்பவை. அந்த வைட்டமின் கீரையில் நிறைய. எனவே திடீரென்று கூட்டினால் மாத்திரையின் வேகம் குறையும். திடீரென்று நிறுத்தினால் வேகம் கூடும். வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. அப்படிச் சாப்பிடும் உணவுக்கு ஏற்றபடிதான் டோஸை நிர்ணயிப்பார்கள். புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

சமையலில் போடும் பூண்டு, மஞ்சள், இஞ்சி பற்றிக் கவலைப்பட வேண்டாம். பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் சாறு மாத்திரை, ஜின்கோ, மீன் எண்ணெய் மாத்திரை என்று செறிவாக்கி விற்பவை வேறு. அவற்றையும், சித்தா, ஆயுர்வேத மருந்துகளையும் டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

"மூட்டு வலி தாங்க முடியல. ஒரு ஊசி போட்டுக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கவுன்டரை விட்டு வெளியே வந்து பதில் சொல்வேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் வகை வலி மருந்துகள் வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் மந்தமாக்கும். உறையும் வேகமும் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. பழைய மாத்திரையானாலும் புதிய மாத்திரையானாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

அம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு இப்படி நடந்தது. நான் கடையில் இருந்தேன். முழங்கால் வலி என்று அம்மா தெருமுனை கிளினிக்குக்குப் போயிருக்கிறார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி. ராத்திரி புடவை மாற்றும்போது அக்கா பார்த்தாள். ஊசி போட்ட இடத்தில் ஆரம்பித்துத் தொடை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், தொட்டால் கல் மாதிரி இருந்தது. தசைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. ஐ.என்.ஆர். 4.1. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தசைக்குள் போடும் ஊசியே இவர்களுக்குக் கூடாது. தடுப்பூசி மட்டும் மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடம் நன்றாக அழுத்திப் பிடித்தால் போடலாம்.

வலிக்குப் பாராசிட்டமால்தான் முதலில். அதுவும் தினம் 2 கிராமுக்கு மேல் பல நாள் தொடர்ந்தால் அசிட்ரோம், வார்ஃபரின்காரர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறும். எனவே தொடர்ந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒத்தடம், பிசியோதெரபி இரண்டையும் தயங்காமல் செய்யலாம்.

"ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போட்டுடலாமா?"

எந்த மாத்திரையானாலும் இரண்டாகப் போடக் கூடாது. அசிட்ரோம், வார்ஃபரின்: அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிட்டு, காலண்டரில் குறித்து, அடுத்த பரிசோதனையின்போது சொல்லுங்கள். தினம் இரு வேளை சாப்பிடும் டாபிகாட்ரான், அபிக்ஸபான் என்றால் 6 மணி நேரத்துக்குள், ஒரு வேளை ரிவரோக்ஸபான் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான்.

புதிய மாத்திரைகளின் வேலை சுமார் ஒரு நாளில் போய்விடும். தீர்ந்துபோய் இரண்டு நாள் வாங்காமல் விட்டால் அந்த இரண்டு நாளும் பாதுகாப்பே இல்லை. அட்டையில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

"விரத நாள்ல வெறும் வயித்துல போடலாமா?"

ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. மட்டும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இல்லையென்றால் மருந்து சரியாக உடம்பில் சேராது. ஏகாதசிக்குப் பட்டினி இருக்கும் பாட்டிக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சு எரியும்.

"நாலு நாளா காய்ச்சல், பேதி. பக்கத்துல டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். கூடப் போடலாமா?"

போடுவதற்கு முன்னால் இதயத்துக்குப் பார்க்கும் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். பேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் மூன்றும் அசிட்ரோம், வார்ஃபரினின் வேகத்தை வெகுவாகக் கூட்டும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூடக் கூட்டும். ஜெல்தானே என்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சாப்பாடு இறங்காமல் நாலு நாள் கிடந்தாலே ஐ.என்.ஆர். ஏறும். இந்த மாதிரி நேரத்தில் மூன்று, நாலு நாளில் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிட வேண்டும். புதிய மாத்திரைக்காரர்களுக்குப் பேதியால் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் மந்தமாகி, மருந்து வெளியேறாமல் தங்கும்.

தலைகீழாகவும் நடக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசிபின், ஃபெனிட்டாயின் எல்லாம் பழைய, புதிய இரண்டு வகை மாத்திரைகளையும் வலுவிழக்கச் செய்யும். அப்போது ரத்தக்கசிவு இருக்காது, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒருநாள் பக்கவாதம் வரும்.

"கிரியேட்டினின் 1.0, நார்மல்தான். அப்புறம் ஏன் கிட்னி வீக்னு சொல்லி டோஸைக் குறைச்சாங்க?"

புதிய மாத்திரைகளில் இதுதான் உயிர்நாடியான விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். வயதான, ஒல்லியான உடம்பில் தசையே குறைவு. அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நார்மலாகவே தெரியும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்க டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுப்பது. பெண்களுக்கு அதை மறுபடி 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

82 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் 1.0. 140-ல் 82 போக 58. 45-ஆல் பெருக்கினால் 2,610. 72-ஆல் வகுத்தால் சுமார் 36. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, சுமார் 31. இளவயதில் 100-க்குப் பக்கத்தில் இருக்கும் எண் இது. டாபிகாட்ரான் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. 31 இருக்கும் பாட்டிக்கு முழு டோஸ் கொடுத்தால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ரிவரோக்ஸபானிலும் இந்த எண் 50-க்குக் கீழே போனால் 20-க்குப் பதில் 15 மி.கி.

ஆனால் பயத்தில் குறைப்பதும் தப்பு. அபிக்ஸபானை 5-லிருந்து 2.5 ஆக்க, 80 வயது, 60 கிலோவுக்குள் எடை, கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். "வயசாச்சு, எதுக்கும் பாதி போடுவோம்" என்று வீட்டிலேயே உடைத்துக் கொடுத்தால் பக்கவாதத்திலிருந்து காப்பும் குறையும். எடையையும் கிரியேட்டினினையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். எண் ஏற்கெனவே குறைவு என்றால் டாக்டர் இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்வார்.

"ஆஸ்பத்திரில ஒரு பேர் எழுதினாங்க, கடையில வேற பேர் கொடுத்தாங்க. ரெண்டும் வேணுமா?"

கேட்டீர்களே, நல்லது. கேட்காமல் இரண்டையும் சாப்பிட்ட ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். புதிய மாத்திரைகளை இப்போது பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. மருந்து ஒன்றுதான். டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த அட்டை ஒன்று, நம் கடையில் வாங்கியது ஒன்று. பெயர் வேறு என்பதால் அவருக்கு அவை இரண்டு மருந்துகள். ஈறில் ரத்தம் வடிய வந்தபோதுதான் பையைக் கொட்டிப் பார்த்தேன். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றதுதான் ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் மாதிரி மருந்தின் பெயர், அதைப் பாருங்கள்.

இன்னொன்று, அட்டையைக் கத்தரிப்பது. பத்து மாத்திரை வேண்டாம், நாலு போதும் என்றால் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுப்போம். நானும் செய்திருக்கிறேன். பெயரும் மில்லிகிராமும் தேதியும் வெட்டிய மற்ற துண்டில் போய்விடும். அசிட்ரோம் 1, 2, 3, 4 என்று வருகிறது. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு ஒன்றும் நாலும் ஒன்றுதான். அம்மாவுக்கு ஊசி போட்ட அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகளை எங்கள் கடையில் கத்தரிப்பதில்லை. உங்கள் கடையிலும் முழு அட்டையாகக் கேளுங்கள்.

"அப்பா மாசத்துக்கு ஒரு தடவையாவது விழறார். நிறுத்திடறது நல்லது இல்லையா?"

விழுவது மட்டும் காரணமாக நிறுத்துவது பெரும்பாலும் தவறான முடிவு. 1999-ல் கனடாவில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏ.எஃப். உள்ள சராசரிப் பெரியவர் ஒருவர், விழுவதால் வரும் மூளைக் கசிவு ஆபத்து மாத்திரையின் பயனை மிஞ்ச வேண்டுமென்றால், வருடத்துக்குச் சுமார் 295 தடவை விழ வேண்டும். பழைய கணக்குதான், ஒவ்வொருவருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் எது பெரிய ஆபத்து என்பது புரிகிறது அல்லவா?

மாத்திரையை விட்டுவிட்டு, ஏன் விழுகிறார் என்று தேடுங்கள். ராத்திரி பாத்ரூம் போகும்போதா? விளக்கு வையுங்கள், கைப்பிடி போடுங்கள். எழுந்ததும் தலைசுற்றலா? பிரஷர் மாத்திரை கூடிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையா? கண்ணில் புரையா? தேய்ந்துபோன ரப்பர் செருப்பா? எங்கள் வீட்டில் குற்றவாளி, கூடத்தில் விரித்திருந்த மிதியடி.

"விழுந்து தலையில இடிச்சுக்கிட்டார். ஆனா நல்லாத்தான் பேசறார். வீக்கம்கூட இல்ல."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நன்றாகப் பேசினாலும் தலை சி.டி. ஸ்கேன் தேவையா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். வாந்தி, மயக்கம், கடும் தலைவலி, கை கால் தளர்ச்சி இருந்தால் யோசிக்காமல் 108.

அன்றைய ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அதோடு முடியாது. வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருப்பதால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடம் இருக்கும். அங்கே சொட்டுச் சொட்டாகச் சேரும் ரத்தம் வாரக்கணக்கில் வெளியே தெரியாது. பகலெல்லாம் தூங்குவார், நடை ஒரு பக்கம் சாயும், பேரன் பெயரை மாற்றிச் சொல்வார். "வயசாச்சு, மறதி" என்று விட்டுவிடுவோம். விழுந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் இப்படி எது தெரிந்தாலும் மறுபடி ஸ்கேன் கேளுங்கள். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகக்கூடியது இது.

"மலம் கறுப்பா போகுது. இரும்புச் சத்து மாத்திரையால இருக்குமோ?"

இரும்பு மாத்திரையாலும் கறுப்பாகும். ஆனால் அது கெட்டியாக, நாற்றத்தில் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தார் போலப் பிசுபிசுப்பாக, சகிக்க முடியாத வாடையோடு போகும். கூடவே தலைசுற்றல், மூச்சு வாங்குதல், முகம் வெளுத்தல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சந்தேகமாக இருந்தாலும் அப்படியே. சிவப்புச் சிறுநீர், காபித்தூள் நிறத்தில் வாந்தி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம் எல்லாமே அவசரம்தான். பல் தேய்க்கும்போது லேசாகத் தெரியும் ரத்தத்துக்குப் பதற வேண்டாம். மென்மையான பிரஷுக்கு மாறி, டாக்டரிடம் சொன்னால் போதும்.

போகும்போது மாத்திரை அட்டையையும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் கொண்டு போங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே கொடுப்பார்கள். டாபிகாட்ரானுக்குத் தனி மாற்று மருந்து இருக்கிறது. எந்த மாத்திரை என்று தெரியாவிட்டால் எதைக் கொடுப்பது என்றும் தெரியாது. கத்தரித்த துண்டு அட்டையால் வரும் கஷ்டம் இங்கேயும் உண்டு.

"பல் பிடுங்கணும். ஒரு வாரம் நிறுத்தச் சொல்றாங்க."

ஒன்றிரண்டு பல் பிடுங்க பெரும்பாலும் நிறுத்தவே வேண்டாம். ஐ.என்.ஆர். தன் எல்லைக்குள் இருந்தால், பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு, ரத்தம் நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த நீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லி முடித்துவிடலாம். சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்யும் கண்புரை ஆபரேஷனுக்கும் பொதுவாக அப்படியே. பெரிய ஆபரேஷன் என்றால் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்ற இரண்டு தேதியையும் எழுதி வாங்குங்கள். நிறுத்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆரம்பிப்பதுதான் விட்டுப்போகும்.

"ஸ்டென்ட் வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ரிவரோக்ஸபான் மூணும் போயிட்டிருக்கு. யாரும் நிறுத்தச் சொல்லல."

இதை இந்த வாரமே இதய டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த புதிதில் சில காலம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஒரு வருடம் ஆன பிறகு, நிலையாக இருக்கும் ஏ.எஃப். நோயாளிகளுக்குப் பொதுவாக உறைவு தடுக்கும் மாத்திரை ஒன்றே போதும். ஜப்பானில் 2019-ல் வெளியான ஆய்வில் ரிவரோக்ஸபானோடு தட்டணு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். ஆனால் எந்த ஸ்டென்ட், எங்கே என்பதைப் பொறுத்து விதிவிலக்கு உண்டு, எனவே நீங்களாக ஒன்றைக்கூட நிறுத்த வேண்டாம். பழைய சீட்டையே காட்டிக் காட்டி மாத்திரை வாங்கும்போது, நிறுத்த வேண்டிய தேதி தாண்டிப் போனதை யாரும் கவனிப்பதில்லை.

"அம்மாவுக்கு மறதி. தனியா இருக்காங்க. டப்பாவுல ஏழு நாளைக்கும் போட்டு வச்சுட்டு வரலாமா?"

அசிட்ரோம், வார்ஃபரின், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் எல்லாவற்றையும் அப்படி வைக்கலாம். டாபிகாட்ரானை மட்டும் அதன் அட்டையிலிருந்து எடுத்து வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்து தூளாகவும் கொடுக்கக் கூடாது. அளவுக்கு மீறி உடம்பில் சேரும். எனவே மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது உதவாது. அவர்களுக்கு அபிக்ஸபானைப் பொடி செய்து கொடுப்பார்கள்.

திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்றரை என்று மாறி மாறி வரும் அசிட்ரோம் டோஸ் மறதி உள்ளவருக்குக் கஷ்டம். தினமும் ஒரே அளவாக அமைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏழு நாளுக்கு மேல் டப்பாவில் வைக்காதீர்கள். மீதி அட்டைகள் பூட்டிய அலமாரியில், சாவி பக்கத்து வீட்டில்.

"படுத்த படுக்கையா ஆயிட்டார். இனிமேலும் இதைக் கொடுக்கணுமா?"

இதுவரை நிறுத்தாதீர்கள் என்றே சொல்லி வந்தேன். இங்கே பதில் மாறலாம். கடைசிக் கட்டத்தில் இருக்கிறார், விழுங்கவே முடியவில்லை, சாப்பாடு இறங்காமல் ஐ.என்.ஆர். தாறுமாறாகப் போகிறது என்றால், பக்கவாதத்தைத் தடுப்பதைவிட வலி இல்லாமல் வைத்திருப்பது முக்கியமாகிறது. அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்துவது கைவிடுவது ஆகாது. டாக்டரிடம் "இந்த மாத்திரையால இனிமே அவருக்கு என்ன கிடைக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். அவர் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள். என் அம்மாவிடம் போன மாதம் கேட்டேன். "கை கால் விளங்காமப் போயிடக் கூடாது, அதுக்காகச் சாப்பிடறேன். எனக்கு நினைவு போயிட்டா நிறுத்திடு" என்றார். அதை அவர் ஃபைலின் மேல் அட்டையில், ஐ.என்.ஆர். எல்லைக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.